பேரிங் கரகரக்கும் ரிமோட் கார்: வாசகர் கேள்வி – பதில்

மழை ஓய்ந்து மைதானங்கள் காய்ந்ததும், பரணில் இருந்த ரிமோட் கார்களை இறக்கி ஓட்டத் தொடங்கியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மோட்டார், பேட்டரி ஆகியவற்றைவிடச் சக்கரத்துக்குள், இரண்டு வளையங்களுக்கு நடுவே உருளும் குண்டுகளால் அச்சை எளிதாகச் சுழலவிடும் சிறு பேரிங்குகளைப் பற்றிய கேள்விகளே இம்முறை அதிகம் வந்துள்ளதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

என் மகனின் பக்கி காரை (கரடுமுரடான தரையில் ஓடும் வகை, நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு) மே மாதம் ஜுஹு கடற்கரையில் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் குழாய் நீரில் நன்றாகக் கழுவி வைத்தோம். இப்போது எடுத்து ஓட்டினால் பின்சக்கரத்தில் கரகரவென்று சத்தம் வருகிறது. பேட்டரியும் முன்போல நிற்பதில்லை. கெட்டது மோட்டாரா, பேரிங்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, செம்பூர்

நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மோட்டாரில் கை வைப்பதற்கு முன் இதை எளிதாக உறுதி செய்துகொள்ளலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, காரை ஒரு சிறு பெட்டியின் மீது ஏற்றி, நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் இருக்கும்படி வையுங்கள். பின்சக்கரங்கள் இரண்டும், மோட்டாரின் சுழற்சியை இருபுறமும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் என்ற கியர் தொகுதி வழியாக இணைந்திருப்பதால், ஒன்றைச் சுழற்றினால் மற்றொன்றும் சேர்ந்து சுழலும். கோளாறு எந்தப் பக்கம் என்பது அப்போது தெரியாது. ஆகவே பின்சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ஷாஃப்ட்டின் மறுமுனையை டிஃபரன்ஷியல் கப்பிலிருந்து விடுவித்து, ஹப்பில் (பேரிங்குகளைத் தாங்கும் பாகத்தில்) இருக்கும் அச்சை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வேகமாகச் சுழற்றினால் நல்ல பேரிங்கும் கெட்ட பேரிங்கும் ஒன்றுபோலவே தோன்றும். மெதுவாகத் திருப்பும்போதுதான், உள்ளே மணல் நெரிபடுவதும், ஓரிடத்தில் தட்டி நின்று பிறகு நகர்வதும் விரலுக்குத் தெரியும்.

அடுத்து, சக்கரத்தை மாட்டிவிட்டு, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் எல்லாப் பேரிங்கிலும் இருக்கும், அது குறையன்று. எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஹப்பின் விளிம்பில் செம்பழுப்பு நிறக் கறை கசிந்திருந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

கழுவி வைத்தும் ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்வி உங்களுக்கு இயல்பாக எழும். சாதாரணப் பேரிங்கின் வளையங்களும் குண்டுகளும் குரோம் ஸ்டீலால் ஆனவை. பெயரில் குரோம் இருந்தாலும், அதில் உள்ள குரோமியம் ஏறத்தாழ 1.5 சதவீதம்தான், துருவை எதிர்க்கும் எவர்சில்வர் வகை எஃகுக்குக் குறைந்தது 10.5 சதவீதமாவது வேண்டும். கடல்நீரின் உப்பு உள்ளே ஒரு துளி தங்கினாலும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை என்பதால், கார் பரணில் சும்மா இருந்த மாதங்களிலும் துரு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. போதாததற்கு, பேரிங்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடி உள்வளையத்தைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டு நிற்பது. குழாய் நீரின் வேகம் நுண்மணலை அந்த இடைவெளி வழியாக உள்ளே தள்ளிவிடும். துரு அரித்த பள்ளங்களின் மேல் குண்டுகள் ஏறி இறங்கும்போது வருவதுதான் நீங்கள் கேட்கும் சத்தம். அந்த உராய்வையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் மோட்டார் கூடுதல் மின்சாரம் எடுக்கிறது, பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது.

இந்த நிலையில் தயவுசெய்து காரை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். பேரிங் மலிவான பொருள். அது மாட்டியிருக்கும் ஹப்பும் அச்சும் அப்படியல்ல. பேரிங் இறுகிப்போனால் சக்கரம் நின்றுவிடாது. அச்சு உள்வளையத்துக்குள் வழுக்கிச் சுழன்று தானே தேயும், அல்லது வெளிவளையம் பிளாஸ்டிக் ஹப்புக்குள் சுழன்று, அந்தச் சூட்டில் அதன் இருக்கையை உருக்கி அகலமாக்கிவிடும். பேரிங்கை உரிய நேரத்தில் மாற்றுவது அந்த இரண்டையும் காப்பாற்றத்தான். கடற்கரையில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், அன்று மாலையே பேரிங்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து எண்ணெயிடும் பொறுமை இருந்தால் மட்டும் ஓட்டுங்கள்.

பின்பக்க ஹப்பிலிருந்து பேரிங் வர மறுக்கிறது. திருப்புளியால் நெம்பியதில் ஹப்பின் விளிம்பு கொஞ்சம் சிதைந்துவிட்டது. முறையாகக் கழற்றி மாட்டுவது எப்படி என்று முதலிலிருந்து விளக்க முடியுமா?
– ஒரு வாசகர், டோம்பிவிலி

முதலில், ஒரு பழைய தூரிகையால் ஹப்பைச் சுற்றியுள்ள மண்ணை உலர்ந்த நிலையிலேயே தட்டிவிடுங்கள். இல்லையென்றால் அந்த மண்ணே புதுப் பேரிங்குக்குள் போய்ச் சேரும். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு, அதன் மேல் வேலை செய்யுங்கள். பத்தில் ஒரு பங்கு கார்களில் சக்கரத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் 4 மி.மீ. நைலான் நட்டு, அதற்கு 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பானர் வேண்டும். எட்டில் ஒரு பங்கு கார்களில் 17 மி.மீ. அறுகோண நட்டு இருக்கும்.

சக்கரம் வந்ததும் அதன் பின்னால் 12 மி.மீ. அறுகோணத் துண்டு ஒன்று தெரியும். அதை இழுக்கும்போது மெதுவாக இழுங்கள். அதன் பின்புறப் பள்ளத்தில், அச்சின் குறுக்கே செருகப்பட்ட சுமார் 2 மி.மீ. பருமனுள்ள ஒரு சிறு ஊசி இருக்கிறது. அது எந்தப் பிடிப்பும் இல்லாமல் நழுவி விழுந்து, அலமாரிக்கு அடியில் உருண்டு ஓடிவிடும். அது இல்லாவிட்டால் சக்கரம் சுழலாது, மோட்டார் மட்டும் சுழலும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு கிண்ணத்துக்கு அடியில் வைத்து, ஊசியையும் மெல்லிய வாஷர்களையும் உடனுக்குடன் அதில் போட்டுவிடுவது நல்ல பழக்கம். வாஷர்கள் எந்தப் பக்கம், எத்தனை இருந்தன என்பதைக் கழற்றும்போதே கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அச்சை உட்பக்கமாக இழுத்தால் அது வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால், துரு அதை உள்வளையத்தோடு ஒட்டவைத்திருக்கிறது என்று பொருள். துரு இளக்கும் எண்ணெயை ஒரு துளி விட்டுச் சற்று ஊறவிடுங்கள். பிறகு, கழற்றிய நட்டை அச்சின் நுனிக்குச் சமமாக இருக்கும் அளவுக்குத் திரும்பத் திருகி, அதன் மேல் ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டுங்கள். நட்டு இல்லாமல் வெறும் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை சிதைந்து, பிறகு நட்டே ஏறாது.

இப்போது ஹப்பைக் காரிலிருந்து தனியாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெரும்பாலும் இரண்டு பேரிங்குகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஹப்பிலேயே ஒரு விளிம்பு இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பேரிங்கும் தான் நுழைந்த பக்கமாகத்தான் வெளியே வரும். இரண்டையும் ஒரே பக்கமாகத் தள்ள முயன்றால் ஹப்தான் உடையும். எதிர்ப்பக்கத்துப் பேரிங்கின் துளை வழியாக ஒரு 2 மி.மீ. ஆலன் கீயைச் சாய்த்து நுழைத்து, அதன் நுனியை வெளியேற்ற வேண்டிய பேரிங்கின் உள்வளைய விளிம்பில் பதித்து, மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி மெல்லத் தட்டுங்கள். ஒரே இடத்தில் தட்டினால் பேரிங் சாய்ந்து இறுகிக்கொள்ளும். இப்படித் தட்டும் விசை முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகிறது என்பதால், பலமாகத் தட்டி எடுத்த பேரிங் நன்றாகச் சுழல்வதுபோலத் தெரிந்தாலும் அதை மறுபடி மாட்டாதீர்கள்.

அப்போதும் வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாமல் சூட்டை நாடுங்கள். நைலான் எஃகைவிடப் பல மடங்கு விரியும். அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். பிளாஸ்டிக் ஹப்பானால், நன்றாகச் சுட்ட நீரில் சில நிமிடங்கள் போட்டு எடுத்து, துணியால் பிடித்துக்கொண்டு, பேரிங் இருக்கும் முகத்தைக் கீழ்நோக்கி ஒரு மரப்பலகையில் தட்டினால் பல சமயம் பேரிங் தானே கழன்று விழும். அலுமினியமானால் தலைமுடி உலர்த்தும் டிரையரே போதும். கேஸ் அடுப்பில் காட்டுவது மட்டும் கூடாது. விளிம்பில் திருப்புளியை நுழைத்து நெம்புவதால் வரும் கெடுதல் கண்ணுக்குத் தெரியும் சிதைவோடு நிற்பதில்லை. எழும்பி நிற்கும் அந்தச் சிறு பிசிரின் மேல் புதுப் பேரிங் சாய்வாக உட்கார்ந்து, அதுவும் விரைவில் கெடும். உங்கள் ஹப்பில் அப்படிப் பிசிர் இருந்தால், கூர்மையான பிளேடால் அதை மட்டும் சீவிவிடுங்கள். இருக்கையின் சுவரைத் தொடாதீர்கள்.

மாட்டும்போது நினைவில் இருக்க வேண்டியது, இறுகப் பொருந்தும் வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும் என்பதுதான். ஹப்புக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை அழுத்துங்கள். ஷாஃப்ட்டின் மேல் ஏற்றும்போது உள்வளையத்தை அழுத்துங்கள். மாற்றி அழுத்தினால், குண்டுகள் ஓடும் பாதையில் அவை ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய குழியைப் பதித்துவிடும்; புத்தம்புதிய பேரிங் முதல் நாளே கரகரப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இருக்கையைத் துணியால் துடைத்து, பேரிங்கை நேராக வைத்து, இரு கட்டைவிரல்களாலும் சீராக அழுத்துங்கள். கடைசிச் சிறிதளவு இறங்கவில்லையென்றால், இப்போதுதான் கழற்றிய அதே அளவுள்ள பழைய பேரிங்கை அதன் மேல் வைத்து அழுத்துங்கள். பழையதின் வெளிவளையம் புதியதின் வெளிவளையத்தின் மேல் மிகச் சரியாகப் பொருந்தும். இன்னும் இறுக்கமாக இருந்தால், ஒரு நீண்ட போல்ட்டை ஹப் வழியாகச் செருகி, பழைய பேரிங்கின் மேல் ஒரு வாஷரும் மறுமுனையில் இன்னொரு வாஷரும் கொடுத்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் பேரிங் நேராக உள்ளே போகும். சுத்தியலுக்கு வேலையே இல்லை.

என் காருக்கு உரிய பேரிங் இங்கே எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. கம்பெனி பாக்கெட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், முலுண்ட்

உண்டு. ரிமோட் கார்களில் இருப்பவை பெரும்பாலும் உலகெங்கும் ஒரே அளவில் செய்யப்படும் சிறு பேரிங்குகள்தான். பழையதைத் துடைத்து, டிஜிட்டல் வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்றையும் அளந்து, அந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு கார்களில் 5×10×4, 5×11×4, 10×15×4 ஆகியவையும், எட்டில் ஒரு பங்கு கார்களின் சக்கரங்களில் 8×16×5ம் அடிக்கடி வரும். மஸ்ஜித் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள நாக்தேவி தெருவில், இயந்திர உதிரிப்பாகக் கடைகளுக்கு இடையே பேரிங் கடைகளும் இருக்கின்றன. அங்கே காரின் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. எண்ணைச் சொல்ல வேண்டும். 5×10×4க்கு எம்ஆர்105, 5×11×4க்கு எம்ஆர்115, 10×15×4க்கு 6700, 8×16×5க்கு 688 என்று கேளுங்கள்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் அகலம். 5×11 என்று மட்டும் சொன்னால் 685 என்ற எண்ணுள்ள பேரிங் கைக்கு வரலாம். இருபுறமும் மூடியுள்ள 685இன் அகலம் 5 மி.மீ. உள்ளே நன்றாகத்தான் நுழையும், ஆனால் 1 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்; சக்கர நட்டை இறுக்கியதும் எல்லாம் இறுகிவிடும். அதேபோல 688, 6700 ஆகியவற்றில் மூடி இல்லாத வகையின் அகலம் மூடியுள்ளதைவிட 1 மி.மீ. குறைவு. ஆகவே பழைய பேரிங்கைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் மூடியைக் குறிப்பவை. இசட்இசட் என்றால் இருபுறமும் தகட்டு மூடி. 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. ரப்பர் மூடி உள்வளையத்தை உரசிக்கொண்டிருப்பதால் சுழற்சி சற்றுக் கனமாக இருக்கும், ஆனால் தூசியும் நீரும் உள்ளே போவது பெரிதும் குறையும். மண்தரையிலும், மழைக்காலத்து சொசைட்டி வளாகத்திலும் ஓட்டுபவர்கள் சக்கரங்களுக்கு 2ஆர்எஸ் வகையையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடையில் விரலால் சுண்டிப் பார்த்து, நெடுநேரம் சுழல்வதே நல்ல பேரிங் என்று முடிவு செய்யாதீர்கள். கிரீஸ் நிறைந்த புதுப் பேரிங் சீக்கிரம் நின்றுவிடுவதுதான் இயல்பு.

ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்காமல், பழைய பேரிங்குகளையே சுத்தம் செய்து மாட்டலாமா? நண்பர் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதும் என்கிறார்.
– ஒரு வாசகர், தாராவி

தூசியும் காய்ந்த கிரீஸும் மட்டும் இருந்தால் தாராளமாகச் சுத்தம் செய்யலாம். துரு இருந்தால் வேண்டாம், ஏனென்றால் கறையை அகற்றலாமே தவிர அரித்த குழியை நிரப்ப முடியாது. டபிள்யூடி-40 என்ற பெயரே நீரை விலக்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலிருந்து வந்ததுதான். அதன் வழக்கமான வகையை நனைந்த பேரிங்கிலிருந்து ஈரத்தை விரட்டப் பயன்படுத்தலாம். ஆனால் அது உள்ளே இருக்கும் கிரீஸையும் இளக்கிக் கழுவிவிடும். பின்னால் எஞ்சும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நெடுநாள் தாங்காது. அதை அடித்துவிட்டு அப்படியே ஓட்டினால், சில நாட்களுக்குச் சத்தம் அடங்கி, பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

முறையாகச் செய்ய வேண்டுமென்றால் முதலில் ரப்பர் மூடியை எடுக்க வேண்டும். ஒரு தையல் ஊசியின் நுனியை மூடியின் உள்விளிம்பில், அதாவது உள்வளையத்தை ஒட்டிய பக்கத்தில், மெல்ல நுழைத்து நெம்பினால் மூடி வளையாமல் எழும்பிவரும். எண்ணெய்க் கரைப்பான்களில் ரப்பர் ஊதிப்போகும் என்பதால், மூடியைச் சோப்பு நீரில் தனியாகக் கழுவுங்கள். மூடி நீக்கிய பேரிங்கை ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணெண்ணெய் விட்டு, அதில் போட்டுக் குலுக்குங்கள். அழுக்கு கரைந்து நீர்மம் கறுத்ததும் மாற்றி, மறுபடி குலுக்குங்கள். கடைசியாக, லாமிங்டன் சாலை எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி எடுத்தால் மண்ணெண்ணெய் எச்சமும் போய்விடும். இவை தீப்பற்றுபவை, சமையலறையில் செய்யாமல், அடுப்பும் விளக்கும் இல்லாத பால்கனியில் செய்யுங்கள். காயவைப்பதற்குக் காற்று பம்பை நேராக அடித்துப் பேரிங்கைச் சுழலவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. எண்ணெய் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் சுழன்றால் பாதை கீறிப்போகும்; சிதறிக் கண்ணில் படும் ஆபத்தும் உண்டு. வெளிவளையம், உள்வளையம் இரண்டையும் விரல்களால் பிடித்துக்கொண்டு காற்றடிப்பதில் ஆபத்தில்லை.

நன்கு காய்ந்த பின், சக்கரத்துப் பேரிங்குகளுக்கு லித்தியம் கிரீஸை உள்ளிருக்கும் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வைத்து மூடியை அழுத்திவிடுங்கள். மோட்டாரில் உள்ளவை போன்ற அதிவேகப் பேரிங்குகளுக்குத் தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். குளிரில் உறையும், நாள்பட்டால் பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

என்னுடையது எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, நைட்ரோ எரிபொருள் என்ஜினில் ஓடும் பக்கி. சக்கரத்துப் பேரிங்குகள் நன்றாக இருக்கின்றன. என்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கொடுக்கும் கிளட்ச் பெல்லின் பேரிங்குகள் மட்டும் அடிக்கடி பொடிந்துபோகின்றன. செராமிக் பேரிங் போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், அந்தேரி

இரண்டும் வாழும் சூழலே வேறு. 110 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போதும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுகள்தான் சுழலும். நைட்ரோ என்ஜினோ நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளையும் தாண்டும். கிளட்ச் முழுவதுமாகப் பிடித்திருக்கும்போது பெல்லும் என்ஜினின் கிராங்க் அச்சும் சேர்ந்தே சுழல்வதால் அந்தப் பேரிங்குக்கு வேலை இல்லை. கார் நின்று என்ஜின் மட்டும் ஓடும்போதும், கிளட்ச் வழுக்கிப் பிடிக்கும்போதும்தான் அது சுழல்கிறது. பெல்லை உரசிப் பிடிக்கும் கிளட்ச் ஷூக்களின் சூடும் தூளும் அதன்மேல் விழுவதும் அதே வேளையில்தான். சூட்டில் கிரீஸ் தீய்ந்துபோனதும் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு உடைகிறது. நீங்கள் காணும் பொடி பெரும்பாலும் அதுவே.

செராமிக் வாங்குவதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். பெல்லை விரலால் பிடித்து அச்சின் நீளவாட்டில் நகர்த்தினால், உணரக்கூடிய மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும். வாஷர் கூடிப்போய் அது இல்லாமல் இருந்தால், எந்தப் பேரிங்கும் பக்கவாட்டு அழுத்தத்தில் சாகும். கிளட்ச் பெல் பற்களும் அது சுழற்றும் ஸ்பர் கியரின் பற்களும் ஒன்றையொன்று இறுகக் கவ்வியிருக்கக் கூடாது. நடுவில் ஒரு துண்டு மெல்லிய காகிதம் நுழைந்து வெளியே வர இடம் வேண்டும். இவை சரியாக இருந்தும் பொடிந்தால், சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக் குண்டுகள் கொண்ட பேரிங் அந்த ஓரிடத்தில் பயன் தரும். எடை குறைந்த அந்தக் குண்டுகள் எண்ணெய் குறைந்த நிலையையும் ஓரளவு தாங்கும். சக்கரங்களுக்கு அதை வாங்காதீர்கள். குண்டுகள் துருப்பிடிக்காவிட்டாலும், அவை ஓடும் வளையங்கள் அதே எஃகுதான்.

புதுப் பேரிங் மாட்டினேன். சக்கர நட்டை இறுக்கினால் சக்கரம் கனமாகச் சுழல்கிறது; தளர்த்தினால் ஆடுகிறது. மறுபக்கத்திலோ பேரிங் ஹப்புக்குள் லொடலொடவென்று இருக்கிறது.
– ஒரு வாசகர், சயான் கோலிவாடா

முதலாவதற்குக் காரணம் இடைவெளி. நட்டை இறுக்கும்போது அறுகோணத் துண்டு ஒருபுறமும் அச்சின் தோள் மறுபுறமும் உள்வளையங்களை ஒன்றை நோக்கி ஒன்று நெருக்குகின்றன. நடுவே அவற்றைத் தாங்கும் குழாய் இல்லாத ஹப்பில், அந்த நெருக்கம் குண்டுகளின் மேல் பக்கவாட்டுச் சுமையாக விழும். பேரிங் முழுவதும் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறங்கியிருந்தால், கழற்றும்போது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட குழாயோ வாஷரோ உண்டா என்று தேடுங்கள். நட்டைத் தளர்த்தி ஓட்டுவது தீர்வாகாது; சக்கரம் அறுகோணத் துண்டின் மேல் ஆடி, அதன் மூலைகளை உருண்டையாக்கிவிடும்.

லொடலொடக்கும் ஹப்பைப் பொறுத்தவரை, அதை மாற்றுவதுதான் சரி. வெளிவளையத்தைச் சுற்றி அலுமினியத் தாள் வைத்து மாட்டினால் அன்றைய மாலை ஓட்டத்துக்குத் தாங்கும், அவ்வளவே. திருகுகள் தளராமல் இருக்கப் பூசும் மரைப் பசையைத் தடவி ஒட்டவைக்கச் சிலர் சொல்வார்கள். அது பல வகைப் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும் என்பதால் பிளாஸ்டிக் பாகங்களின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

முதன்முறையாகத் தமியா நிறுவனத்தின் கிட் (நாமே பாகங்களைக் கோத்துக் கட்டும் கார்) ஒன்றை வாங்கியிருக்கிறேன். பெட்டியில் பேரிங்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வளையங்கள் இருக்கின்றன. முதலில் இவற்றையே மாட்டி ஓட்டிவிட்டு, தேய்ந்த பிறகு மாற்றினால் போதுமா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா

கட்டும்போதே மாற்றிவிடுங்கள். தமியாவின் தொடக்கநிலை கிட்கள் பலவற்றில் கியர்பாக்ஸுக்குள்ளும் இந்த வளையங்கள் வருகின்றன. பிறகு மாற்ற வேண்டுமென்றால் காரைப் பாதிக்கு மேல் பிரிக்க வேண்டியிருக்கும். நுண்மணல் பிளாஸ்டிக்கில் பதிந்து அச்சை அரம்போல அராவும், வளையத்தின் துளையும் நீள்வட்டமாகிவிடும். அதன் பிறகு கியர் பற்களின் பிடிப்பும் கெடும். தமியாவில் 1150 என்று குறிப்பிடுவது 11 மி.மீ. வெளிவிட்டமும் 5 மி.மீ. உள்விட்டமும் உள்ள பேரிங்கை. மேலே முலுண்ட் வாசகருக்குச் சொன்ன எம்ஆர்115தான் அது. கிட்டின் வழிகாட்டிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, வளையம் வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் குறித்து, எண்ணிக்கையோடு இரண்டு கூடுதலாக வாங்குங்கள். கியர்பாக்ஸுக்குத் தகட்டு மூடி உள்ளவையும் சக்கரங்களுக்கு ரப்பர் மூடி உள்ளவையும் போதும். கியர்பாக்ஸின் இரு பாதிகளையும் மூடித் திருகுவதற்கு முன், ஒவ்வொரு பேரிங்கும் தன் பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். எங்காவது விளிம்பு தட்டினால் திருகை இறுக்காமல், அந்தப் பேரிங்கை எடுத்து மறுபடி நேராக வையுங்கள்.